ஒரு படகுக்கு இரண்டு பதிவெண்: 'பேஸ் இன்அக்ஸஸிபிள்' வார்னிங்கை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

காசிமேட்டு ஏலக்கூடத்தில், நாங்கள் சி++ மொழியில் எழுதிய புரோகிராம் விடியற்காலையில் அச்சடித்த ஒரு சீட்டு என் மேசை டிராயரில் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டு ஓரம் சுருங்கிப்போன தாள். மீன் பெயர், கூடைக் கணக்கு, தொகை எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. படகின் பதிவெண் வரவேண்டிய இடம் மட்டும் வெள்ளை.

"தம்பி, டீசல் கணக்குல நம்பர் கரெக்டா வருது. ஏலச் சீட்டுல மட்டும் ஏன் வரல?" என்று கேட்டார் போட்டு ஓனர்.

"பார்த்துச் சொல்றேண்ணே" என்று தண்டையார்பேட்டைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். டேட்டாபேஸில் எண் இருந்தது. பிரின்டரில் கோளாறு இல்லை. மதியம் தாண்டித்தான், கோடைப் புரோகிராமாக மாற்றும் பில்டின் முழு வெளியீட்டையும் முதல் வரியிலிருந்து படித்தேன். அந்த மாற்றத்தைச் செய்யும் கம்பைலர் முந்தைய வாரமே கோளாறைச் சொல்லியிருந்தது. மற்ற வார்னிங்குகளுக்கு நடுவே அந்த ஒரு வரி கிடந்தது: விர்ச்சுவல் பேஸ் 'கலம்' இன்அக்ஸஸிபிள் இன் 'விசைப்படகு' டியூ டு ஆம்பிகுவிட்டி.

இந்த வார்னிங்கை நம் ஆட்கள் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 'இன்அக்ஸஸிபிள்' என்ற சொல்லைப் பார்த்ததும் பிரைவேட், பப்ளிக் (யார் தொடலாம் என்ற அனுமதி) சமாச்சாரம் என்று நினைத்து பப்ளிக்கை அங்கும் இங்கும் ஒட்டிப் பார்க்கிறார்கள். விஷயம் அது இல்லை. உங்கள் ஆப்ஜெக்டுக்குள் ஒரே பேஸ் கிளாஸின் (மற்ற கிளாஸ்கள் பிறக்கும் மூல கிளாஸின்) பிரதி இரண்டு இருக்கிறது, எதைக் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை என்பதைத்தான் கம்பைலர் சொல்கிறது. அதனால் முதல் வேலை எண்ணிப் பார்ப்பது. கையைக் கோடில் வைப்பது அதற்கப்புறம்.

கீழே வரும் உதாரணம் எல்லாவற்றுக்கும் இந்த நான்கு கிளாஸ்களே அடிப்படை. கோலனுக்கு வலப்பக்கம் இருப்பது பேஸ், இடப்பக்கம் இருப்பது அதிலிருந்து பிறந்த கிளாஸ். கீவேர்டுகளைத் தமிழெழுத்தில் காட்டியிருக்கிறேன், நீங்கள் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் கலம் — உள்ளே பதிவெண்
கிளாஸ் மோட்டார்கலம் : பப்ளிக் விர்ச்சுவல் கலம்
கிளாஸ் வலைக்கலம் : பப்ளிக் கலம்
கிளாஸ் விசைப்படகு : பப்ளிக் மோட்டார்கலம், பப்ளிக் வலைக்கலம்

அறிகுறி 1: 'விர்ச்சுவல் பேஸ் இன்அக்ஸஸிபிள்' என்று ஜிசிசி கம்பைலர் சொல்கிறது

மேலே உள்ள நான்கு வரிகளை ஒரு தாளில் மரமாக வரையுங்கள். விசைப்படகிலிருந்து மோட்டார்கலம் வழியாக மேலே போனால் ஒரு கலம், அது விர்ச்சுவல். வலைக்கலம் வழியாகப் போனால் இன்னொரு கலம், அது சாதாரணம். விர்ச்சுவல் என்று சொன்ன பாதைகள் மட்டும்தான் தங்களுக்குள் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்ளும். விர்ச்சுவல் இல்லாத பாதை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு வரும். இங்கே மொத்தம் இரண்டு கலம், ஆகவே இரண்டு பதிவெண்.

டீசல் பதிவுத் திரை மோட்டார்கலம் ரெஃபரன்ஸ் வாங்கி, அந்தப் பக்கத்து பதிவெண்ணை நிரப்பியது. ஏலச் சீட்டு அச்சடிக்கும் ஃபங்ஷன் வலைக்கலம் ரெஃபரன்ஸ் வாங்கி, இந்தப் பக்கத்து பதிவெண்ணைப் படித்தது. அதை யாருமே நிரப்பவில்லை. இரண்டு ஃபங்ஷனும் தன்னளவில் சரியானவை, அதனால் எரர் எதுவும் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கும்போது முகப்பின் இரு பக்கமும் எண் எழுதுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருந்தால்தான் அது ஒரு படகு. எங்கள் புரோகிராமில் ஒரு பக்கம் எண் இருந்தது, மறுபக்கம் வெறும் பலகை.

தீர்வு: கலத்திலிருந்து நேராகப் பிறக்கும் ஒவ்வொரு வரியிலும் விர்ச்சுவல் வரவேண்டும். அதாவது வலைக்கலம் வரியை 'பப்ளிக் விர்ச்சுவல் கலம்' என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. மாலையில் என்னிடம் கற்றுக்கொள்ள வரும் வியாசர்பாடிப் பிள்ளைகளில் பாதிப்பேர் விர்ச்சுவலைக் கடைசி வரியில் போடுகிறார்கள்: 'விசைப்படகு : பப்ளிக் விர்ச்சுவல் மோட்டார்கலம், பப்ளிக் விர்ச்சுவல் வலைக்கலம்' என்று. சிக்கல் தெரிவது அந்த கிளாஸில், அதனால் மருந்தையும் அங்கேயே தடவத் தோன்றுகிறது. ஆனால் அந்த வரி பகிரச் சொல்வது மோட்டார்கலத்தையும் வலைக்கலத்தையும்தான். கலம் இரண்டாகவே இருக்கும். எந்தப் பெயர் இரட்டிக்கிறதோ, அந்தப் பெயருக்கு இடப்பக்கம் விர்ச்சுவல் இருக்கிறதா என்று பாருங்கள். சி++ நூலகமே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இன்புட் ஸ்ட்ரீமும் அவுட்புட் ஸ்ட்ரீமும் பேசிக்_ஐஓஎஸ் கிளாஸை விர்ச்சுவலாக எடுக்கின்றன. அதனால்தான் இரண்டையும் சேர்க்கும் ஐஓஸ்ட்ரீமில் நிலைக்கொடிகள் ஒரே ஒரு தொகுதியாக நிற்கின்றன. ஐஓஸ்ட்ரீமின் வரியில் விர்ச்சுவல் என்ற சொல்லே கிடையாது.

அறிகுறி 2: உங்கள் கம்பைலரில் வார்னிங்கே வரவில்லை, விவரம் மட்டும் தப்பாக வருகிறது

மேலே சொன்ன வார்னிங் ஜிசிசியில் கூடுதல் வார்னிங்குகளைக் கேட்கும் டபிள்யூ-எக்ஸ்ட்ரா ஆப்ஷன் கொடுத்தால்தான் வரும். டபிள்யூ-ஆல் மட்டும் கொடுத்திருந்தால் வராது. கிளாங் கம்பைலரோ நேரடி பேஸை (கிளாஸின் வரியிலேயே பெயர் எழுதியிருக்கும் பேஸை) மட்டும்தான் சரிபார்க்கிறது. மேலே உள்ள நான்கு வரிகளை அதில் கொடுத்தால் வாய் திறக்காது.

கிளாங்கைப் பேசவைக்க ஒரு வழி இருக்கிறது. விசைப்படகு ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, அதன் பதிவெண்ணை நேராகத் தொடும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இரண்டு பிரதி இருந்தால் உடனே எரர் வரும், கூடவே எந்தெந்தப் பாதையில் போனால் எந்தப் பிரதி என்று படிப்படியாக எழுதிக் காட்டும். தாளில் வரையவேண்டிய மரத்தை அதுவே வரைந்து தருகிறது. பெரிய கோடில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

இரண்டு பேஸும் விர்ச்சுவல் இல்லாமல், இரண்டுமே மறைமுகமாக வந்தால், டபிள்யூ-எக்ஸ்ட்ரா போட்டாலும் ஜிசிசி சொல்லாது. அப்போதும் இந்த ஒரு வரிச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி 3: 'டைரக்ட் பேஸ் இன்அக்ஸஸிபிள்' என்று வருகிறது

இது எந்த ஆப்ஷனும் போடாமலே வரும். ஜிசிசி 10 முதல் இதற்கு டபிள்யூ-இன்அக்ஸஸிபிள்-பேஸ் என்று தனிப்பெயர் இருக்கிறது, கிளாங்கிலும் அதே பெயர்தான். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் சி4584 என்ற எண்ணில் வரும்.

காரணம் பெரும்பாலும் எளிது. யாரோ ஒருவர் 'நாட்டுப்படகு : பப்ளிக் வலைக்கலம், பப்ளிக் கலம்' என்று எழுதியிருப்பார், வலைக்கலத்துக்குள் ஏற்கெனவே கலம் இருப்பதை மறந்து. இரண்டாவது பெயரை எடுத்துவிடுங்கள், முடிந்தது.

ஆனால் இந்த வார்னிங்கை மட்டும் ஒருபோதும் ஒதுக்கி வைக்காதீர்கள். இங்கே 'இன்அக்ஸஸிபிள்' என்பது சொல்லுக்குச் சொல் உண்மை. வலைக்கலம் வழியாக வரும் கலத்தை, முதலில் வலைக்கலமாக மாற்றி அப்புறம் கலமாக மாற்றினால் தொட்டுவிடலாம். நேராகச் சேர்த்த கலத்தைத் தொட முறையான காஸ்ட் (வகை மாற்றம்) எதுவுமே இல்லை. எந்த வழியில் பெயர் சொன்னாலும் 'எந்தக் கலம்?' என்ற கேள்விதான் திரும்ப வரும். அது மெமரியில் இடம் பிடித்துக்கொண்டு, அதைக் கட்டும் ஃபங்ஷனான கன்ஸ்ட்ரக்டரும் ஓடி, கடைசிவரை யார் கைக்கும் எட்டாமல் கிடக்கும்.

அறிகுறி 4: விர்ச்சுவல் சேர்த்தேன், வார்னிங் போய்விட்டது, இப்போது இரண்டு பக்கமும் எண் காலி

என்னை அதிகம் அலையவிட்டது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விர்ச்சுவல் எங்குமே இல்லாதபோது மோட்டார்கலத்தின் கன்ஸ்ட்ரக்டர், எண்ணை வாங்கிக் கலத்தின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கும். வலைக்கலமும் அப்படியே. விர்ச்சுவல் ஆனதும் கலம் பொதுச்சொத்து. இரண்டு பேரும் ஆளுக்கொரு எண் கொடுத்தால் எதை ஏற்பது? அதனால் மொழியின் விதி ஒன்றுதான்: விர்ச்சுவல் பேஸைக் கட்டுவது, கடைசியாகப் பிறந்த கிளாஸின் பொறுப்பு. விசைப்படகை உருவாக்கும்போது அதன் கன்ஸ்ட்ரக்டர்தான் 'கலம்(எண்)' என்று சொல்ல வேண்டும். மோட்டார்கலத்தின் கன்ஸ்ட்ரக்டரில் எழுதியிருக்கும் 'கலம்(எண்)' அப்போது ஓடவே ஓடாது. மோட்டார்கலத்தைத் தனியாக உருவாக்கினால் மட்டும்தான் ஓடும்.

கலத்துக்கு டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் (மதிப்பு எதுவும் கொடுக்காமலே கூப்பிடக்கூடியது) இல்லையென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 'பொருத்தமான கன்ஸ்ட்ரக்டர் இல்லை' என்று எரர் வந்து, எங்கே சேர்ப்பது என்று அதுவே சொல்லிவிடும். டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் இருந்தால்தான் ஆபத்து. கம்பைலர் சத்தமில்லாமல் அதைக் கூப்பிட்டுவிடும், எண் காலியாகிவிடும், வார்னிங்கும் இருக்காது.

ஆகவே ஒரு கிளாஸை விர்ச்சுவல் பேஸாக மாற்றும் அன்றே அதன் டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டரை எடுத்துவிடுங்கள். பில்டு செய்யும்போது எரர் வரும் ஒவ்வொரு இடமும், நீங்கள் போய்ப் பார்க்கவேண்டிய இடம். எடுக்க முடியாத நிலை என்றால், கலத்தில் எண்ணே வைக்காமல் வெறும் இன்டர்ஃபேஸாக விட்டுவிட்டு, எண்ணை விசைப்படகில் வையுங்கள். டேட்டா இல்லாத விர்ச்சுவல் பேஸ் எனக்குத் தெரிந்து யாரையும் அழவைத்ததில்லை.

அறிகுறி 5: விர்ச்சுவல் ஆக்கிய பிறகு ஸ்டாட்டிக்_காஸ்ட் எரர் தருகிறது

கலம் பாயின்டரிலிருந்து கீழே மோட்டார்கலத்துக்கு இறங்க ஸ்டாட்டிக்_காஸ்ட் போட்டிருந்தால் அது இனிமேல் செல்லாது. விர்ச்சுவல் பேஸ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது முழு ஆப்ஜெக்ட் எது என்பதைப் பொறுத்து மாறும், அதனால் கம்பைல் நேரத்தில் கணக்குப் போட முடியாது. டைனமிக்_காஸ்ட் போடுங்கள். 'பாலிமார்ஃபிக் இல்லை' என்று அது முரண்டுபிடித்தால், கலத்தில் ஒரு விர்ச்சுவல் டிஸ்ட்ரக்டர் எழுதுங்கள், சரியாகிவிடும். ரீஇன்டர்ப்ரட்_காஸ்ட் போட்டு எரரை அடக்கிவிடலாம் என்று ஒரு எண்ணம் வரும். செய்யாதீர்கள், பாயின்டர் தப்பான இடத்தைக் காட்டும்.

அறிகுறி 6: ஆப்ஜெக்ட் அளவு பெருத்துவிட்டது, பழைய கோப்பைப் படித்தால் குப்பை வருகிறது

எதிர்பார்க்கவேண்டியதுதான். கலத்தில் ஒரே ஒரு இன்ட், மற்ற மூன்று கிளாஸும் வெறுமை என்று வையுங்கள். லினக்ஸ் 64 பிட்டில் விர்ச்சுவல் எங்குமே இல்லாதபோது விசைப்படகு 8 பைட், இரண்டு இன்ட். இரண்டு நடுக் கிளாஸிலும் விர்ச்சுவல் போட்டால் 24 பைட்: இரண்டு மறைமுகப் பாயின்டருக்கு 16, இன்ட்டுக்கு 4, மீதி 4 இடைவெளி. ஆப்ஜெக்டை அப்படியே பைட்களாகக் கோப்பில் கொட்டும் பழக்கம் இருந்தால், அந்தப் பாயின்டர்களும் கோப்புக்குள் போய்விடும். அடுத்த முறை ஓடும்போது அவற்றுக்கு அர்த்தமே இல்லை. மெம்பர் மெம்பராக எழுதுங்கள். அந்த ஹெடரைப் பயன்படுத்தும் லைப்ரரிகள் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யவும் மறக்காதீர்கள். பழையதும் புதியதும் கலந்தால் லிங்க் ஆகும், ஆனால் ஓடும்போது விழும்.

அறிகுறி 7: கேட்ச் எழுதியிருக்கிறேன், எக்ஸெப்ஷன் அதில் சிக்காமல் புரோகிராம் சாகிறது

எக்ஸெப்ஷன் என்பது ஓடும்போது எறியப்படும் பிழை, கேட்ச் அதைப் பிடிக்கும் இடம். இரண்டு பிரதிச் சிக்கல் ஒளிந்துகொள்ளும் இடங்களில் இது ரொம்பக் கொடியது. எங்கள் கோடில் 'கணக்குப்பிழை' என்று ஒரு கிளாஸ் இருந்தது, ஸ்டாண்டர்டு எக்ஸெப்ஷனிலிருந்து பிறந்தது. அப்புறம் ஒருவர் 'டீசல்பிழை : பப்ளிக் ரன்டைம்_எரர், பப்ளிக் கணக்குப்பிழை' என்று சேர்த்தார். ரன்டைம்_எரருக்குள்ளும் ஒரு எக்ஸெப்ஷன் இருக்கிறது. ஆக இரண்டு.

கேட்ச் எப்போது பிடிக்கும்? எறியப்பட்ட கிளாஸுக்கு அது குழப்பமில்லாத, பப்ளிக்கான பேஸாக இருந்தால் மட்டும். இரண்டு எக்ஸெப்ஷன் இருப்பதால் குழப்பம், அதனால் 'கேட்ச் எக்ஸெப்ஷன்' இதைப் பார்க்காததுபோல் கடந்துபோகும். கம்பைலரும் ஒன்றும் சொல்லாது, இரண்டுமே மறைமுக பேஸ் என்பதால்.

கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. ஜிசிசியில் கட்டிய புரோகிராம் பிடிபடாத எக்ஸெப்ஷனால் சாகும்போது, எந்த வகை எறியப்பட்டது என்று ஒரு வரியும், 'வாட்' என்று தொடங்கி பிழைச்செய்தி ஒரு வரியும் அச்சாகும். இந்த நிலையில் முதல் வரி மட்டும் வரும், 'வாட்' வரி வராது. செய்தியை எடுக்க அந்த ரன்டைமும் எக்ஸெப்ஷன் ரெஃபரன்ஸாகத்தான் பிடித்துப் பார்க்கிறது, அதற்கும் சிக்குவதில்லை.

இங்கே விர்ச்சுவல் உதவாது. ரன்டைம்_எரர் தன் எக்ஸெப்ஷனை விர்ச்சுவல் இல்லாமல் எடுத்திருக்கிறது, அந்த ஹெடரை நாம் மாற்ற முடியாது. கணக்குப்பிழையை மட்டும் விர்ச்சுவல் ஆக்கினால் அறிகுறி 1-க்குத்தான் திரும்பி வருவீர்கள். கணக்குப்பிழையையே ரன்டைம்_எரரிலிருந்து பிறக்கவையுங்கள், டீசல்பிழையைக் கணக்குப்பிழையிலிருந்து மட்டும். ஒற்றைச் சங்கிலி.

அறிகுறி 8: வார்னிங் இல்லை, எரர். 'இன்அக்ஸஸிபிள் பேஸ்' என்கிறது, 'ஆம்பிகுவிட்டி' என்ற சொல் இல்லை

இப்போதுதான் பிரைவேட், பப்ளிக் பக்கம் போகவேண்டும். கிளாஸ் என்று எழுதி பப்ளிக்கை விட்டுவிட்டால் மரபு பிரைவேட் ஆகும், ஸ்ட்ரக்ட் என்று எழுதினால் பப்ளிக். 'கிளாஸ் வலைக்கலம் : விர்ச்சுவல் கலம்' என்று எழுதியவர் விர்ச்சுவலை நினைத்துக்கொண்டு பப்ளிக்கை மறந்திருப்பார். ஒரு விர்ச்சுவல் பேஸுக்கு ஒரு பாதை பிரைவேட்டாகவும் இன்னொன்று பப்ளிக்காகவும் இருந்தால், தாராளமான பாதையே செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் மோட்டார்கலத்தைப் பின்னாளில் நீக்கும்போது, சம்பந்தமில்லாத இடத்தில் இந்த எரர் முளைக்கலாம்.

பிரைவேட் மரபைத் தெரிந்தே வைத்திருக்கிறீர்கள், ஆனால் கீழேயுள்ள கிளாஸுக்குள் 'கலம்' என்ற பெயரை எழுதினாலே எரர் வருகிறது என்றால், பெயருக்கு முன் இரட்டைக் கோலன் போடுங்கள்: '::கலம்'. மரபு வழியாகக் கிடைக்கும் பெயர் பூட்டியிருக்கிறது, வெளியே இருக்கும் அதே பெயர் திறந்திருக்கிறது.

அறிகுறி 9: எனக்கு நிஜமாகவே இரண்டு பிரதி வேண்டும்

நியாயமான தேவைதான். ஒரே படகு டீசல் வரிசையிலும் ஏல வரிசையிலும் நிற்கவேண்டும், இரண்டுக்கும் தனித்தனிக் கொக்கி (வரிசையில் கோக்கும் இணைப்பு) வேண்டும் என்றால், கொக்கி கிளாஸை டெம்ப்ளேட் ஆக்கி அடையாளம் கொடுங்கள்: 'கொக்கி<டீசல்>', 'கொக்கி<ஏலம்>'. இரண்டும் வேறு வேறு வகை, குழப்பத்துக்கு இடமில்லை. பூஸ்ட் நூலகத்தின் இன்ட்ரூசிவ் பட்டியல்களும் பேஸ் கொக்கிகளுக்கு இப்படி அடையாளம் வாங்கிக்கொள்கின்றன. அல்லது மரபே வேண்டாம், இரண்டு மெம்பராக வைத்துவிடுங்கள். பிராக்மா போட்டு வார்னிங்கை மறைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பிறர் எழுதிய ஹெடரில் வந்து, நீங்கள் ஒன்றும் செய்ய முடியாதபோது மட்டும் அந்தக் கோப்புறையை, அதன் வார்னிங்குகளை அடக்கும் ஐசிஸ்டம் ஆப்ஷனில் சேருங்கள்.

சரிசெய்தபின் போடவேண்டிய காவல்

விசைப்படகு கிளாஸுக்குக் கீழே, கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் ஒரு ஸ்டாட்டிக்_அஸர்ட் வையுங்கள். சோதிக்கவேண்டியது ஈஸ்_கன்வர்ட்டிபிள், விசைப்படகு பாயின்டர் கலம் பாயின்டராக மாறுமா என்று. ஈஸ்_பேஸ்_ஆஃப் வைத்துச் சோதிக்காதீர்கள். பிரதி இரண்டு இருந்தாலும், மரபு பிரைவேட்டாக இருந்தாலும் அது 'ஆம், பேஸ்தான்' என்றே சொல்லும். ஈஸ்_கன்வர்ட்டிபிள் அப்போது மறுத்துவிடும். இரண்டும் சி++11 முதலே இருக்கின்றன.

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் முன், அந்த ஒரு வரியை எங்கள் ஹெடரில் சேர்த்துப் புதிய பில்டை ஏலக்கூடத்துக் கணினியில் ஏற்றினேன். படகுகள் திரும்பி வந்த அன்று விடியற்காலை முதல் சீட்டை ஓனர் கையில் வாங்கி, எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த டீசல் சீட்டோடு சேர்த்துவைத்து இரண்டையும் ஒருமுறை வாசித்தார். "ஒண்ணாத்தான் இருக்கு தம்பி" என்றார்.